காணியைப் பறிக்காமல் காணியைக் காத்தல்: அமெரிக்க அனுபவம் உணர்த்துவது என்ன?

அமெரிக்காவின் கிராமப்புறங்களில் அண்மைக் காலமாகப் புதிய வகைக் கொள்வனவாளர்கள் நடமாடத் தொடங்கியுள்ளனர். செயற்கை நுண்ணறிவுத் தொழில்நுட்பத்துக்கு வேண்டிய பாரிய தரவு மையங்களை அமைப்பதற்குக் காணி தேடி அலையும் நிறுவனங்களின் முகவர்களே அவர்கள். உயரழுத்த மின்மார்க்கமும் நீர்வசதியும் கிட்டிய தூரத்தில் இருக்குமாயின், சோளமும் புல்லும் விளைகின்ற நிலத்துக்கு அதன் வழமையான பெறுமதியைப் பன்மடங்கு தாண்டிய விலையைக் கொடுக்க அவர்கள் முன்வருகின்றனர். இவர்களுக்கு முன்னர் வீடமைப்பு நிறுவனங்களும், அங்காடித் தொகுதிகளை நிறுவுவோரும், களஞ்சியசாலைகளை அமைப்போரும் இதே வாசற்படிகளில் வந்து நின்றவர்களே. 2001ஆம் ஆண்டு முதல் 2016ஆம் ஆண்டு வரையிலான காலப்பகுதியில் மாத்திரம் 1 கோடி 10 இலட்சம் ஏக்கர் விவசாய நிலமும் மேய்ச்சல் நிலமும் கட்டடங்களுக்கு இரையாகியோ துண்டாடப்பட்டோ போயின என, அமெரிக்கன் ஃபார்ம்லாண்ட் ட்ரஸ்ட் எனும் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கின்றது.

இத்தகைய நிலையில் தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் உழைத்து வந்த ஒரு விவசாயி என்ன செய்ய முடியும்? அவர் உயிருடன் இருக்கும்வரை விற்க மறுக்கலாம். ஆனால், அவருக்குப் பின்னர் பிள்ளைகள் விற்கமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பிள்ளைகள் விரும்பாவிடினும், கடனும் மரபுரிமை வரியும் சகோதரர்களுக்கிடையிலான பங்கீடும் அவர்களை விற்கும் நிலைக்குத் தள்ளிவிடுவதுண்டு. விலை ஏற ஏற, அந்த நிலத்தை விவசாயத்துக்காக வாங்கக் கூடியவர் எவரும் எஞ்சியிரார். காணியைக் காக்க வேண்டும் என்ற விருப்பம் ஒரு மனிதரின் ஆயுளோடு முடிந்துபோகாமல் இருப்பதற்கு அமெரிக்கச் சட்டம் கண்ட வழியே 'கொன்சர்வேஷன் ஈஸ்மென்ட்' என அழைக்கப்படும் நிலப் பாதுகாப்பு உடன்படிக்கையாகும். காணிப் பிரச்சினையை அன்றாட வாழ்வின் ஓர் அங்கமாகவே கொண்டிருக்கும் எமது வாசகர்களுக்கு, இந்த ஏற்பாட்டின் நன்மையும் தீமையும் பயனுள்ள பாடங்களைத் தரும் என்பதனால் இதனைச் சற்று விரிவாக நோக்க விழைகின்றோம்.

ஒரு கட்டு உரிமைகளில் ஒன்று மட்டும்

எமது பழைய காணி உறுதிகளில் 'கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்' என்ற சொற்றொடர் இடம்பெறுவதைப் பலரும் கண்டிருப்பர். காணி ஒருவருக்குச் சொந்தம். ஆனால் அதனூடாக நடந்து செல்லவும் நீர் கொண்டு செல்லவும் அயலவருக்கு உரிமையுண்டு. காணியின் உரித்து ஒருவரிடம் இருக்க, அதிலுள்ள ஏதோ ஓர் உரிமை மற்றொருவரிடம் இருக்கலாம் என்பதே இதன் தத்துவம். நிலப் பாதுகாப்பு உடன்படிக்கையும் இந்தத் தத்துவத்தின் மீதே கட்டியெழுப்பப்பட்டுள்ளது.

காணியின் உடைமை என்பது ஒற்றை உரிமையன்று. அது பல உரிமைகள் சேர்ந்த ஒரு கட்டு. பயிரிடல், வேலியடைத்தல், மரம் தறித்தல், வீடு கட்டுதல், துண்டு துண்டாகப் பிரித்து விற்றல், மண்ணகழ்தல், பிள்ளைகளுக்குக் கையளித்தல் என அந்தக் கட்டில் பல இழைகள் உள்ளன. பாதுகாப்பு உடன்படிக்கையில் ஒப்பமிடும் காணிச் சொந்தக்காரர், இவற்றுள் கட்டடம் எழுப்பும் உரிமையையும் துண்டாடும் உரிமையையும் மாத்திரம் விட்டுக்கொடுக்கின்றார். அவ்வுரிமைகள் ஓர் அரச நிறுவனத்திடமோ, இலாப நோக்கற்ற நிலக்காப்பு நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம் ஒன்றிடமோ ஒப்படைக்கப்படுகின்றன. பெற்றுக்கொண்ட நிறுவனம் அவற்றைப் பயன்படுத்த முடியாது. எவரும் பயன்படுத்தாதவாறு காவல் காப்பதே அதன் கடமை. சொந்தக்காரர் முன்போலவே அங்கு வாழலாம், உழலாம், விற்கலாம், முதுசமாகக் கொடுக்கலாம். ஆயின், யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடேயே செல்லும். காணிப் பதிவேட்டில் பதியப்படும் இந்தக் கட்டுப்பாட்டுக்குக் கால எல்லை பெரும்பாலும் இல்லை.

விட்டுக்கொடுத்த உரிமைக்கு ஒரு விலையும் உண்டு. உதாரணமாக, கட்டடங்களுக்கென விற்றால் 10 இலட்சம் டொலர் பெறுமதியான ஒரு காணி, விவசாயத்துக்கு மாத்திரமே எனக் கட்டுப்படுத்தப்பட்டால் 4 இலட்சம் டொலர் பெறும் என வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள 6 இலட்சம் டொலரே அந்த உடன்படிக்கையின் பெறுமதி. சொந்தக்காரர் அதனை நன்கொடையாக வழங்கினால், அந்தத் தொகையைத் தமது வருமான வரிக் கணிப்பில் கழித்துக்கொள்ளலாம். வசதி குறைந்த விவசாயியாயின், மாநிலமோ மாவட்ட நிருவாகமோ நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனமோ அந்தப் பெறுமதியை, அல்லது அதில் ஒரு பகுதியை, பணமாகக் கொடுத்து வாங்குகின்றது. 2014ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட சமஷ்டித் திட்டம், விவசாய நிலங்களுக்கான இத்தகைய கொள்வனவுகளில் பொதுவாகப் பெறுமதியின் பாதி வரை தன் பங்காக வழங்குகின்றது.

எவ்வாறு வளர்ந்தது?

இந்த ஏற்பாடு ஒரே நாளில் தோன்றியதன்று. 1891இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், சார்ள்ஸ் எலியட் எனும் நிலவனப்புக் கலைஞரின் முயற்சியால், பொதுமக்களுக்காக நிலத்தைக் காக்கும் முதலாவது நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம் உருவாயிற்று. 1930களில் புளூ ரிட்ஜ் மலைச்சாலை அமைக்கப்பட்ட வேளையில், சாலையோரக் காட்சிகளைக் காப்பதற்காகக் காணிகளை முழுமையாகச் சுவீகரிக்காமல் கட்டட உரிமையை மாத்திரம் பெறும் முறை பரீட்சிக்கப்பட்டது. இன்று வழங்கும் பெயரை 1959இல் பரவச் செய்தவர் வில்லியம் வைட் எனும் எழுத்தாளர். 1974இல் நியூயோர்க் மாநிலத்தின் சஃபோக் மாவட்டம், விவசாயிகளிடமிருந்து கட்டட உரிமையை விலைகொடுத்து வாங்கும் திட்டத்தை முதன்முதலில் ஆரம்பித்தது. 1980இல் வரிச்சலுகை நிரந்தரச் சட்டமாயிற்று.

எனினும் ஒரு சட்டத் தடை எஞ்சியிருந்தது. ஆங்கிலப் பொதுச்சட்ட மரபில் இத்தகைய உரிமையை அயற்காணியின் சொந்தக்காரரே வைத்திருக்கலாம். தூரத்திலுள்ள ஒரு தர்ம நிறுவனம் நிரந்தரமாக வைத்திருத்தல் கடினம். 1981இல் தயாரிக்கப்பட்ட ஒரு மாதிரிச் சட்டத்தைத் தழுவியோ, தாமே தனிச்சட்டம் இயற்றியோ மாநிலங்கள் இந்தத் தடையை அகற்றின. இதன் பின்னரே இவ்வியக்கம் வேகம் கொண்டது. 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி, நிலக்காப்பு நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனங்கள் பல்வேறு வழிகளில் பாதுகாத்த நிலம் 6 கோடி 10 இலட்சம் ஏக்கராகும். இது எமது தீவின் மொத்தப் பரப்பைப் போல மூன்றரை மடங்குக்கும் அதிகமானது. அதில் கணிசமான பகுதி இந்த உடன்படிக்கைகளின் மூலம் காக்கப்பட்டதாகும்.

மரின் மாவட்டத்தின் கதை

எண்களைவிட ஓர் ஊரின் கதை இதனைத் தெளிவாக விளக்கும். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, கோல்டன் கேட் பாலத்தைக் கடந்ததும் வருவது மரின் மாவட்டம். அதன் மேற்குப் பகுதி, பசுபிக் கடலின் பனிமூட்டத்தில் நனையும் புல்வெளிகளும் பாற்பண்ணைகளும் நிறைந்தது. 1960களில் அப்பகுதியினூடாக நெடுஞ்சாலைகளை அமைத்து, டொமாலெஸ் குடாவின் கரையோரமாக இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நகரொன்றை உருவாக்கும் திட்டங்கள் வரையப்பட்டிருந்தன. பண்ணையாளர்களுட் பலர், விவசாயத்துக்கு இனி எதிர்காலம் இல்லை எனத் தீர்மானித்துவிட்டனர்.

1970களின் முற்பகுதியில் மாவட்ட நிருவாகம் கொள்கையை மாற்றிக்கொண்டது. 60 ஏக்கருக்கு ஒரு வீடு என்ற வரையறை கொண்டுவரப்பட்டது. இயற்கை ஆர்வலர்கள் மகிழ்ந்தனர், பண்ணையாளர்களோ கொதித்தெழுந்தனர். அவர்களது கோபத்தில் நியாயம் இருந்தது. முதுமைக் காலத்துக்கான சேமிப்பு, பிள்ளைகளின் கல்விச் செலவு, வங்கிக் கடனுக்கான பிணை யாவும் அந்த நிலமே. நகரத்தாரின் கண்ணுக்கு இனிய காட்சியைக் காப்பதற்காக, ஏழை விவசாயியின் சேமிப்பைச் சட்டத்தின் ஒரு வரியால் குறைத்துவிடுவது எவ்வாறு நீதியாகும்? மேலும், இன்றைய சபை விதித்த வரையறையை நாளைய சபை மூன்று வாக்குகளால் நீக்கிவிடவும் முடியும்.

இந்த முரண்பாட்டின் நடுவே இரு பெண்கள் ஒன்றிணைந்தனர். ஒருவர் உயிரியலாளரான ஃபிலிஸ் ஃபேபர். மற்றவர் பாற்பண்ணை நடத்தி வந்த எலன் ஸ்ட்ராவுஸ். ஆம்ஸ்டர்டாமில் பிறந்த யூதப் பெண்ணான எலன், நாஸிகளின் படையெடுப்புக் காலத்தில் 1940ஆம் ஆண்டு குடும்பத்தோடு தப்பி வந்து அமெரிக்காவில் குடியேறியவர். இயற்கை ஆர்வலர்களையும் பண்ணையாளர்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த இவர்களது முயற்சியால், 1980இல் மரின் விவசாய நில நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம் தோன்றியது. விவசாய நிலத்தைக் காப்பதற்கென்றே அமெரிக்காவில் உருவான முதலாவது நிறுவனம் இதுவாகும். தடை விதிப்பதற்குப் பதிலாக, கட்டட உரிமையை விலைகொடுத்து வாங்கியது இந்நிறுவனம். அந்தப் பணத்தைக்கொண்டு பண்ணையாளர்கள் கடனைத் தீர்த்தனர். வெளியேற விரும்பிய சகோதரர்களின் பங்கை வாங்கினர். பழைய தொழுவங்களைத் திருத்தினர். எலனின் மகன், 1994இல் தமது குடும்பப் பண்ணையை மிசிசிப்பி நதிக்கு மேற்கேயுள்ள முதலாவது இயற்கைமுறைப் பாற்பண்ணையாக மாற்றினார். 50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இன்று அந்நிறுவனத்தின் காவலில் உள்ளது. எலன் 2002இல் மறைந்தார். அவர் நேசித்த புல்வெளிகளில் இன்றும் பசுக்கள் மேய்கின்றன.

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்திலும் இதனையொத்த வெற்றி காணப்படுகின்றது. குதிரை பூட்டி உழும் ஆமிஷ் சமயத்தவர் செறிந்து வாழும் அம்மாவட்டத்தில் மாத்திரம் 1 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட விவசாய நிலம் பாதுகாக்கப்பட்டுள்ளது. மேய்ன் மாநிலத்தில் பிங்ரீ குடும்பத்தார், தமக்குச் சொந்தமான காடுகளில் 7 இலட்சத்து 62 ஆயிரம் ஏக்கரின் கட்டட உரிமையை 2001இல் 2 கோடி 80 இலட்சம் டொலருக்கு விட்டுக்கொடுத்தனர். யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல் மூன்று மடங்கு பரப்புடைய காடு அது. அங்கு இன்றும் மரத்தொழில் நடைபெறுகின்றது. ஆனால், ஏரிக்கரைகளில் விடுமுறை மாளிகைகளை எழுப்ப எவராலும் இயலாது.

காவலர்கள் தடுமாறியபோது

இதுவரை கூறியவை நாணயத்தின் ஒரு பக்கமே. நல்ல நோக்கத்தோடு இயற்றப்பட்ட சட்டத்தை நுட்பமாக வளைப்பவர்கள் எந்நாட்டிலும் உண்டு. அமெரிக்காவும் அதற்கு விதிவிலக்கன்று.

மேரிலண்ட் மாநிலத்திலுள்ள மேர்டில் குரோவ் எனும் 160 ஏக்கர் பழம்பண்ணையின் சொந்தக்காரர், அதனை என்றென்றும் துண்டாடக் கூடாது என 1975இல் ஒரு தேசிய மரபுரிமை நிறுவனத்துக்கு உடன்படிக்கை எழுதிக்கொடுத்தார். பின்னர் காணி கைமாறியது. புதிய சொந்தக்காரர்கள் அதனைத் துண்டாட அனுமதி கோரினர். காவல் காக்கவேண்டிய நிறுவனமே 1990களில் அதற்கு இணங்கியது! அயலவரும் கொடையாளியின் குடும்பத்தாரும் கிளர்ந்தெழுந்த பின்னரே அது பின்வாங்கியது. வழக்கு எழுந்தது; மாநிலச் சட்டமா அதிபரும் தலையிட நேர்ந்தது. 1998இல் எட்டப்பட்ட இணக்கத்தின் மூலம் நிலம் பிழைத்தது. காவலரைக் காப்பது யார் என்ற வினாவை இந்நிகழ்வு எழுப்பியது.

2003இல் வோஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வெளியிட்ட தொடர் கட்டுரைகள், உலகின் மிகப் பெரிய இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளுள் ஒன்றான நேச்சர் கொன்சர்வன்சியின் சில நடைமுறைகளை அம்பலப்படுத்தின. கட்டுப்பாடு விதிக்கப்பட்ட காணிகள் அந்த அமைப்புக்கு நெருக்கமானவர்களுக்கே குறைந்த விலைக்கு விற்கப்பட்டமையும், அவர்கள் நன்கொடை என்ற பெயரில் வரிச்சலுகை பெற்றமையும் வெளிவந்தன. செனட் சபையின் விசாரணையும் தொடர்ந்தது. அந்த அமைப்பு அத்தகைய விற்பனைகளைக் கைவிட்டது.

ஆயினும் இவை யாவற்றையும் விஞ்சிய மோசடி பின்னரே வந்தது. தரகர்கள் சிலர் மலிவான காணியொன்றை வாங்குவர். அதில் உல்லாச விடுதி அமைத்தால் இத்தனை கோடி பெறும் எனத் தமக்கு இசைவான மதிப்பீட்டாளர் ஒருவரைக்கொண்டு சான்று பெறுவர். பின்னர் அந்தக் காணியின் பங்குகளைச் செல்வந்தர்களுக்கு விற்பர். அவர்கள் கூட்டாகக் கட்டட உரிமையை 'நன்கொடை' செய்து, இட்ட முதலைப் போல் நான்கு ஐந்து மடங்கு தொகையை வரிக்கழிவாகக் கோருவர். எவரும் கட்ட எண்ணியிராத கட்டடத்தைக் கட்டாமல் விட்டதற்கு அரசாங்கம் பணம் கொடுத்த கதை இது. இறைவரி அதிகாரிகள் 2016இன் இறுதியில் இத்தகைய கொடுக்கல் வாங்கல்களைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தனர். 2020 ஓகஸ்டில் செனட் நிதிக்குழுவின் இரு கட்சியினரும் இணைந்து கண்டன அறிக்கை வெளியிட்டனர். 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், இத்தகைய கூட்டு முதலீடுகளில் இட்ட முதலின் இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு கோருவதைத் தடுத்தது. 130 கோடி டொலர் பொய்க்கழிவுகளுடன் தொடர்புடைய வழக்கில், அட்லாண்டாவிலுள்ள நீதிமன்றம் 2024 ஜனவரியில் முதன்மைச் சூத்திரதாரிக்கு 25 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதித்தது.

இந்த மோசடிகளால் பாதிக்கப்பட்டவர்கள் வரி செலுத்தும் பொதுமக்கள் மாத்திரமல்லர். நேர்மையான விவசாயியும் சந்தேகக் கண்கொண்டு நோக்கப்பட்டார். அவரது உடன்படிக்கையில் ஒரு சொல் பிசகினாலும் கழிவு மறுக்கப்படும் நிலை உருவாயிற்று. ஊழலின் சுமையை இறுதியில் சுமப்பவர் ஊழலில் பங்குகொள்ளாத எளியவரே என்பது அங்கும் மெய்யாயிற்று.

விடைகாணப்படாத வினாக்கள்

மோசடிகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு நோக்கினாலும், நேர்மையாகச் செய்யப்பட்ட உடன்படிக்கைகளைப் பற்றியும் சில அடிப்படை வினாக்கள் எழவே செய்கின்றன.

முதலாவது, நிரந்தரம் என்பதன் பொருள். இன்று வாழும் ஒருவர், இன்னும் பிறக்காத தலைமுறைகளின் கைகளைக் கட்டிவிடலாமா? காலநிலை மாறுகின்றது, கடல்மட்டம் உயர்கின்றது, இன்று வளமான நிலம் நாளை தரிசாகலாம். நோக்கம் நிறைவேறவே முடியாத நிலையில், நீதிமன்றம் கட்டுப்பாட்டை நீக்க வழியுண்டு. ஆயினும் அதற்கான வாசல் மிக ஒடுக்கமானது. அதேவேளை, நெடுஞ்சாலை போன்ற தேவைகளுக்காக அரசாங்கம் சுவீகரிக்க முனையும்போது இந்த உடன்படிக்கை முற்றான கவசமாகவும் அமைவதில்லை.

இரண்டாவது, யாருக்காகக் காக்கப்படுகின்றது என்ற வினா. காக்கப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி தனியாருக்குரியது. பொதுமக்கள் வரிப்பணத்தின் மூலம் பங்களித்தும், அதனுள் கால் வைக்கும் உரிமை பெரும்பாலும் அவர்களுக்கு இல்லை. செல்வந்தர்கள் தம் மாளிகையைச் சுற்றிப் பசுமை வேலி அமைத்துக்கொள்ளவும் இது உதவியுள்ளது. மரினில்கூட, விவசாயத்தில் நாட்டமில்லாத பணக்காரர்கள் பாதுகாக்கப்பட்ட பண்ணைகளை ஓய்வில்லங்களாக வாங்கத் தலைப்பட்டனர். கட்டாதே எனக் கூறும் உடன்படிக்கை, உழு எனக் கூறவில்லை. ஆகவே, பிற்கால உடன்படிக்கைகளில் நிலத்தை விவசாயத்துக்குப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்க நேர்ந்தது. வீடற்றோர் பெருகியுள்ள மாநிலத்தில் வீடு கட்ட நிலமில்லை என்பதும், பசுக்களைக் கறக்கும் தொழிலாளிக்கே பண்ணைக்கருகில் குடியிருக்க வசதியில்லை என்பதும் அங்குள்ளோர் எழுப்பும் நியாயமான குறைபாடுகளாகும்.

மூன்றாவது வினா இன்னும் ஆழமானது. காணிச் சொந்தக்காரர் என நாம் குறிப்பிடுபவர் அந்தக் காணியை எவரிடமிருந்து பெற்றார்? மரினின் புல்வெளிகள் மிவோக் பழங்குடியினரின் தாயகம். அவர்களது சம்மதத்தை எவரும் கேட்டதில்லை. இந்த அநீதியைச் சிறிதளவேனும் ஈடுசெய்யும் வகையில், பழங்குடிச் சமூகங்களும் பாதுகாப்பு உடன்படிக்கைகளைப் பெற்று வைத்திருக்க 2004இல் கலிபோர்னியா சட்டமியற்றியது. இழந்த நிலம் அதனால் மீண்டுவிடாது. எனினும், தம் முன்னோரின் இடுகாடுகளும் புனிதத் தலங்களும் புல்டோசரின் வாயில் அகப்படாதவாறு தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு ஒரு வாசலாகத் திறக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

எமக்குரிய பாடம்

நிலத்தை நிரந்தரமாக ஒரு நோக்கத்துக்கு ஒப்படைத்தல் என்பது எமது சமூகங்களுக்குப் புதிய கருத்தன்று. முஸ்லிம்களின் வக்பு ஏற்பாடும், கோயில்களுக்கும் மடங்களுக்கும் தமிழர் எழுதிவைத்த தருமசாதனங்களும் இதே எண்ணத்திலிருந்து பிறந்தவையே. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் வக்பு சொத்துகளுக்குச் சட்டக் காவலை வழங்கியுள்ளது. வேறுபாடு ஒன்றுதான்: வக்பு செய்தவரும் தருமசாதனம் எழுதியவரும் காணியையே கொடுத்துவிடுகின்றனர், அமெரிக்க விவசாயியோ காணியை வைத்துக்கொண்டு ஓர் உரிமையை மாத்திரம் கொடுக்கின்றார். நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் தவறினால் சொத்து பாழாகும் என்ற அனுபவமும் எமக்குப் புதியதன்று.

ஆயினும் அமெரிக்க ஏற்பாட்டை அப்படியே இங்கு பெயர்த்து நடுதல் இலகுவன்று. ரோம-டச்சுச் சட்டத்தின்படி, காணியின் மீதான இத்தகைய உரிமை அயற்காணியைச் சார்ந்ததாகவோ, ஒருவரின் ஆயுட்காலத்துடன் முடிவதாகவோ இருத்தல் வேண்டும். தூரத்து நிறுவனமொன்று அதனை என்றென்றும் வைத்திருப்பதற்குத் தனிச்சட்டம் தேவைப்படும். அதைவிட முக்கியமாக, எமது நாட்டின் நிலப்பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டது அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்துடன் பயிரிடும் விவசாயியிடம், விட்டுக்கொடுப்பதற்கும் முழு உரிமை இல்லை. வயற்காணியை நிரப்புவதை 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றித் தடைசெய்கின்றது. ஆனால், வயலாகவே வைத்திருப்பதனால் விவசாயி இழக்கும் பெறுமதிக்கு ஈடு எதுவும் இல்லை. மரின் பண்ணையாளரின் கோபத்தை எமது விவசாயி நன்கு விளங்கிக்கொள்வார்.

ஆகவே, நாம் இங்கு இரவல் பெறவேண்டியது சட்டத்தின் வடிவத்தையன்று. அதன் அடிப்படை நியாயத்தையே. எமது மக்கள் அறிந்த இயற்கைப் பாதுகாப்பு எத்தகையது? 2017 மார்ச் 24ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தலின் மூலம், மன்னார் மாவட்டத்தில் சுமார் 40,000 ஹெக்டேயர் நிலப்பரப்பு மாவில்லு வனமெனப் பிரகடனம் செய்யப்பட்டது. 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டு, போர் முடிந்த பின்னர் மீளத் திரும்பிய முசலிப் பிரதேச முஸ்லிம்கள், தமது பூர்வீகக் காணிகளும் அதனுள் அகப்பட்டுவிட்டதாக முறையிட்டனர். போர்க்காலத்தில் கைவிடப்பட்டுப் பற்றைகள் மண்டிப்போன வயல்களுக்கு வன எல்லைக் கற்கள் நாட்டப்பட்டமை குறித்து வன்னித் தமிழ் விவசாயிகளும் இதே குறையைக் கூறி வருகின்றனர். காடுகள் அழிக்கப்படுகின்றன எனச் சூழலியலாளர்கள் கொள்ளும் கவலை பொய்யன்று. வில்பத்துவும் வன்னிக் காடுகளும் எம் அனைவருக்கும் உயிர்நாடியானவை. ஆனால், அங்கு வாழ்ந்தவரிடம் ஒரு வார்த்தையேனும் கேளாது, வரைபடத்தில் இழுத்த கோடு, காட்டுக்குக் காவலைவிடப் பகையையே தேடித் தந்தது.

அமெரிக்காவின் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அனுபவத்தைச் சுருக்கி நோக்கின் மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. நிலத்தில் வாழ்பவரின் மனமுவந்த சம்மதம் முதலாவது. அவர் இழப்பதற்கு நேர்மையான மதிப்பீடும் ஈடும் இரண்டாவது. மதிப்பீடு பொய்த்த இடத்திலேயே மோசடி புகுந்தது. பொதுமக்களின் கண்காணிப்புக்கு உட்பட்ட, சோராத காவலர் மூன்றாவது. மேர்டில் குரோவில் நிலத்தை இறுதியில் காத்தவர்கள் விழிப்புடன் இருந்த அயலவரே. இம்மூன்றில் ஒன்று குறைந்த இடத்திலெல்லாம் அந்த ஏற்பாடு செல்வந்தரின் கருவியாகவோ வெற்றுக் காகிதமாகவோ முடிந்தது.

எமது நிலையில் செய்யக் கூடியவை உண்டு. வனம் அல்லது சரணாலயம் என ஒரு பகுதியைப் பிரகடனம் செய்வதற்கு முன்னர், அங்குள்ள உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் பழைய குடியிருப்புச் சான்றுகளும் பிரதேச செயலகத்தில் மக்கள் முன்னிலையில் பரிசீலிக்கப்பட வேண்டும். இடம்பெயர்ந்த காலத்தைக் கைவிட்ட காலமாகக் கணிக்கும் போக்கு ஒழிக்கப்பட வேண்டும். நகர விளிம்பிலுள்ள வயல்களையும் குளக்கரைகளையும் மேய்ச்சற்றரைகளையும் காக்க முன்வரும் சொந்தக்காரருக்கு, வரிச்சலுகையோ ஈடோ வழங்கும் சட்டமொன்றைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். காணி உறுதி தெளிவாகக் கையிலிருக்கும் விவசாயியே காணியின் எதிர்காலத்தைப் பற்றித் துணிந்து வாக்குறுதி அளிக்க வல்லவர். எனவே, நிலுவையிலுள்ள காணி உரித்துப் பிணக்குகளைத் தீர்ப்பதும் இயற்கைப் பாதுகாப்பின் முதற்படியே எனக் கொள்ளல் வேண்டும்.

ஏதிலியாக வந்த பெண்ணொருத்தி, தான் வாழ்ந்த மண்ணில் காலூன்றிய பின்னரே அதனை என்றென்றும் காப்பதற்குக் கையொப்பமிட அயலவரை அழைத்தாள் என்பதை எம்மை ஆள்வோர் மறத்தலாகாது. மக்களை அகற்றிவிட்டுக் காக்கப்படும் நிலத்துக்கு எல்லைக் கற்கள் மாத்திரமே மிஞ்சும். மக்களை இருத்திக் காக்கப்படும் நிலத்துக்கோ தலைமுறை தலைமுறையாகக் காவலர் இருப்பர்.